ஓஷின்: ஒரு மூட்டை அரிசியும் ஓயாத பொறுமையும்

ஏழ்மையைக் காட்டி அழவைக்கும் தொடர்கள் நிறைய உண்டு. அந்த ஏழ்மைக்குக் கணக்கு எழுதிக் காட்டிய தொடர் ‘ஓஷின்’. ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை, நாளுக்கு 15 நிமிடமாக 297 பகுதிகள் ஒளிபரப்பிய நாடகம் இது. எழுதியவர் சுகாகோ ஹஷிதா. உள்நாட்டில் சராசரியாக 52.6 சதவீதப் பார்வை விகிதம் பெற்ற இத்தொடர், பின்னர் 60க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. கர்நாடகத்தின் சாமராஜநகரில் உட்கார்ந்து பார்க்கும்போது, இதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் பிறப்பதாக எனக்குப் படுகிறது.

யமகாதாவின் குத்தகை விவசாயி வீட்டில் பிறந்த ஓஷினை, ஏழு வயதில் ஒரு மூட்டை அரிசிக்காக மரவியாபாரி வீட்டு வேலைக்கு அனுப்புகிறார்கள். போகமாட்டேன் என்று அடம்பிடித்தவள், வயிற்றுப் பிள்ளையைக் கலைக்கத் தாய் பனிக்கால ஆற்றில் இறங்குவதைப் பார்த்த பிறகு, தானாகவே சம்மதிக்கிறாள். புறப்படும்போது பாட்டி ஐம்பது சென் நாணயம் ஒன்றைக் கையில் வைத்து அனுப்புகிறாள். வேலைக்குப் போன வீட்டில் பணம் காணாமல் போகிறது. அந்த நாணயமே அவள் திருடியதற்குச் சாட்சியாகிவிடுகிறது. ஏழைக் குழந்தையின் கையில் காசு இருந்தாலே குற்றம்தான் என்பதை வசனமே தேவைப்படாமல் சொல்லும் இடம் அது.

எங்கள் பகுதிக்கு இது அந்நியக் கதையே அல்ல. வாங்கிய கடனுக்குப் பிள்ளையைப் பண்ணையில் விடும் ஜீத முறை பழைய மைசூர் வட்டாரம் நன்கறிந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் ஜீதத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் எங்கள் தொலைக்காட்சித் தொடர்களில் பண்ணையாள் பின்னணியில் நிற்கிறான். கதை பண்ணையார் வீட்டுச் சொத்துத் தகராறைச் சுற்றிவருகிறது. வேலைக்காரச் சிறுமியின் கண் வழியே ஒரு நாட்டின் வரலாற்றையே பார்க்க வைத்தது ஹஷிதாவின் பெரிய சாதனை.

வடிவமும் இதற்குக் கைகொடுக்கிறது. முடிவு தெரிந்து எழுதப்பட்ட கதை என்பதால் சம்பவங்கள் வீணாக இழுபடுவதில்லை. ஆயினும் நாள்தோறும் 15 நிமிடத்தில் பார்வையாளரைக் கட்டிப்போட, நாளுக்கொரு துன்பம் வேண்டியிருக்கிறது. வளர்ந்து மணமான ஓஷின், 1923 நிலநடுக்கத்தில் தொழில் அழிந்து, கணவனின் ஊரான சாகாவுக்குப் போகும் பகுதியில் இது எல்லை மீறுகிறது. மாமியாரின் கொடுமை மேலும் மேலும் அடுக்கப்பட, கணவனின் கையாலாகாத்தனம் பின்னுக்குப் போய்விடுகிறது. குடும்ப அமைப்பின் மீது வரவேண்டிய கோபம் ஒரு கிழவி மீது மட்டும் விழுகிறது.

இதைவிடப் பெரிய குறை, பொறுமையே வழி என்ற எண்ணத்தை இத்தொடர் விதைப்பது. ஓஷின் உழைக்கிறாள், தாங்குகிறாள், ஜெயிக்கிறாள். அவளைப் போலவே தாங்கியும் ஜெயிக்காமல் போனவர்கள் எத்தனை பேர்! ஜீதத்துக்கு விடப்பட்ட பிள்ளைகள் பொறுமை போதாமல் தோற்றவர்கள் அல்லர். அவர்களுக்குத் தேவைப்பட்டவை சட்டம், நிலம், பள்ளிக்கூடம்.

இருந்தும் பிற்பகுதி இத்தொடரைத் தூக்கி நிறுத்துகிறது. ராணுவத்துக்குச் சரக்கு விற்றுக் குடும்பம் வளர்கிறது. அதே போர் மூத்த மகனைக் கொண்டுபோகிறது. இளைஞர்களைப் போருக்கு அனுப்பிய கணவன், தோல்விக்குப் பின் தற்கொலை செய்துகொள்கிறான். போரை எதிர்க்காமல் இருந்த பழி தனக்கும் உண்டு என்று ஓஷின் உணர்கிறாள். முதுமையிலோ, தன் குடும்பத்தின் 17ஆவது கடை திறக்கும் நாளில், வளர்ச்சிக்காக எதை இழந்தோம் என்று கேட்டபடி வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள்.

ஓஷினின் பொறுமையைப் பாடமாக எடுத்துக்கொண்டால் இத்தொடர் பாதிதான் பயன்படும். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு மூட்டை அரிசி விலை வைத்தது யார் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டால், நாற்பது ஆண்டுகள் கடந்தும் அதற்கு இங்கே வேலை இருக்கிறது.