நடந்தது யார்?

பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் சிக்னல் கிடைக்காமல் மின்ரயில் நின்றுவிடும் நேரங்களில்தான், சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி, காவேரி’யை (1971) மறுபடி படித்து முடித்தேன். அருகே பக்கிங்காம் கால்வாய் கறுப்பாகக் கிடந்தது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போன வழி.

தமிழில் ஓர் ஆற்றோடு போன பயணத்தை இத்தனை ருசியாகச் சொன்ன நூல்கள் குறைவு. அதனால்தான் வருடா வருடம் வகுப்பில் இதைப் பரிந்துரைக்கிறேன். இம்முறை எண்ணூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: “மேடம், இதே மாதிரி நாங்க நாலு பொண்ணுங்க கார் எடுத்துட்டுப் போனா, ராத்திரி எங்க தங்குவோம்?” நினைத்த இடத்தில் இறங்கி, முன்பின் தெரியாதவர்களோடு பேச்சுக் கொடுத்து, இருட்டிய பிறகும் போய்க்கொண்டிருக்கும் சுதந்திரம் அந்த உரைநடையின் மூச்சாகவே இருக்கிறது. எழுதியவர்களுக்கு அது ஒரு பொருட்டாகத் தோன்றியிருக்காது.

தலைப்பைப் பாருங்கள். அது சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி பாடியது. முதலில் யாழை வாங்கிப் பாடுகிற கோவலன், சோழன் கங்கையைக் கூடினாலும் ஊடாதவள் என்று காவிரியை மெச்சுகிறான். அவனுக்கு வேண்டிய ஆறு அது. பதிலுக்கு மாதவி பாடும் காவிரி, கண் விழித்து அசைந்து நடக்கிறாள். ஆனால் அந்த நடைக்கும் கணவனின் செங்கோல் வளையாததே காரணம் என்று முடிக்கிறாள். அது மாதவியின் பணிவா குத்தலா என்பதை முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த காலத்தில் நான் யோசித்ததே இல்லை. இப்போது குத்தல் என்றே படுகிறது. அவள் மனம் வேறொருவனிடம் என்று எண்ணிக் கோவலன் எழுந்து போய்விட்டான். பாடியதற்கு அவள் கொடுத்த விலை அது. புத்தக அட்டைக்கு வரும்போது மாதவி கழன்றுவிடுகிறாள், ஆற்றுக்கான வாழ்த்து மட்டும் மிஞ்சுகிறது.

ஆற்றில் நடக்கிற பெண்கள் எங்கள் பக்கமே இருக்கிறார்கள். கொசஸ்தலை கடலில் கலக்கும் எண்ணூர் கழிமுகத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு அது. அதை யாரும் பயணம் என்று சொல்வதில்லை.

கேள்வி கேட்ட மாணவியின் ஆயாவும் இறால் தடவியவர். “அவங்க எது வரைக்கும் நடந்திருக்காங்கன்னு கேட்டு எழுதிட்டு வா” என்றேன்.

“அதுக்கு மார்க் உண்டா மேடம்?” என்றாள்.