யாருடைய கால் அச்சு?

சோளிங்கரில் யோக நரசிம்மர் மலைக்கு 1305 படிகள். கார்த்திகை ஞாயிறுகளில் வெறுங்காலோடு ஏறி இறங்குகிறவர்களின் பாதங்களைக் கவனித்திருக்கிறீர்களா? முன்பாதம் அகன்று, விரல்கள் ஒன்றையொன்று நெருக்காமல் விரிந்திருக்கும். இப்படிப்பட்ட பாதங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் சிலர், ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிலை நம்பி, காலணி வடிவமைப்புப் படிக்க மிலானுக்கும் லண்டனுக்கும் போகிறார்கள். கடன் வாங்கியும் போகிறார்கள். அந்தப் படிப்பு அவர்களுக்கு எதைத் தருகிறது, எதை மறக்க வைக்கிறது?

தருவது பெரிது. மிலானில் 1947 முதல் இயங்கும் ஆர்ஸ் சுடோரியா போன்ற பள்ளிகள் கற்பிக்கும் இத்தாலிய முறையில், தொழிற்சாலைக்காரர்கள் 'லாஸ்ட்' என்று சொல்லும் கால் அச்சின் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி, அதன் மேலேயே பென்சிலால் வரைய வேண்டும். பிறகு நாடாவைக் கத்தியால் அறுத்து உரித்து, அட்டையில் தட்டையாக ஒட்ட வேண்டும். வளைவு தட்டையாக மறுக்கும். ஓரிடத்தில் சுருங்கும், ஓரிடத்தில் பிளக்கும். எங்கே வெட்டு கொடுக்கலாம், எங்கே தையலை ஒளிக்கலாம் என்று அப்போதுதான் கைக்குப் புரியும். தாளில் அழகாக வரைந்தது காலில் ஏன் நிற்கவில்லை என்பதும் அங்கேதான் தெரியும்.

இதைவிட முக்கியமானது தவறு செய்யக் கிடைக்கும் நேரம். தோல் சதுர அடிக் கணக்கில் விலைபோகும் தொழிலில், ஏற்றுமதித் தேதி நெருக்கும் சாம்பிள் அறையில், ஒரு தோலை வீணாக்கிப் பார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வடிவமைப்புக் கல்லூரியிலோ முடிந்த காலணியோடு, அதற்கு முன் கிறுக்கிய குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் உண்டு. கிண்டியிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் காலணிப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கும்போது வெளிநாடு எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்நிய ஊரில் தனியாக நின்று, தன் யோசனையைத் தானே காப்பாற்றப் பழகுவதும் படிப்புதான்.

ஆனால் அந்த அச்சு யாருடைய கால்? ஐரோப்பியருடையது. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, 79 இடங்களில் லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்பது அதில் தெரியவந்தது. 'பா' என்ற பெயரில் இந்திய அளவு முறை முன்மொழியப்பட்டதும் அதனால்தான். மலைப்படியில் கண்ணால் பார்த்ததையே அந்த அளவீடும் சொல்கிறது. மிலானில் ஓராண்டு குறுகிய அச்சில் பழகிய கை, அந்தக் குறுகலையே அழகு என்று எடுத்துக்கொள்கிறது. என் முதன்மையான குறை இதுதான்.

ஊர் திரும்பியும் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. காரணம், இங்கே தொழில் நடக்கும் விதம். 1970-களில் பச்சைத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டு, அரைப் பதனிட்ட தோலுக்கும் கட்டுப்பாடு வந்தபின், ராணிப்பேட்டை, ஆம்பூர் பகுதி முழுப் பதனிட்ட தோலுக்கும் காலணிக்கும் நகர்ந்தது. ஏற்றுமதியில் பெரும்பாலும் வாங்குபவரே அச்சையும் மாதிரியையும் அனுப்புகிறார். படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அவர் சொல்வது எளிதில் புரிகிறது, சம்பளமும் கிடைக்கிறது. தானாக ஒன்றை வரையும் வேலைதான் கிடைப்பதில்லை.

தோலிலும் இதே கதைதான். டஸ்கனியின் தாவரப் பதத் தோலைத் தொட்டு வியக்கும் மாணவருக்கு, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்ட நம் கிழக்கிந்தியத் தோலுக்கு 2008-இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் அந்தத் தோல் இங்கே அரைப் பதத்தில் புறப்பட்டு, லண்டனில் மெருகேறி விலைபோனது. பிள்ளைகளையும் அப்படியே அனுப்புகிறோமோ என்பது என் கவலை.

விமானம் ஏறுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்தில் உட்கார்ந்து, இறங்கி வருகிறவர்களிடம் கேட்டு, ஐம்பது பாதங்களையாவது தாளில் வரைந்து அளவெடுத்துக்கொள்ளட்டும். பெட்டியில் இரண்டு ஆவாரம்பட்டைத் தோல்களையும் வைக்கட்டும். பள்ளி கொடுக்கும் அச்சின் முன்பாதத்தில் தோல் துண்டுகளை ஒட்டி, அரத்தால் தேய்த்து அகலம் கூட்டுவது பட்டறையில் செய்யக்கூடிய வேலைதான். நாடாவை அதன் பிறகு சுற்றலாம்.