குருவி விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்
மேரி டோரியா ரஸ்ஸலின் 'தி ஸ்பரோ' நாவலை முன்வைத்து

வேற்றுக் கிரகத்தில் அறிவுள்ள உயிர்கள் இருப்பது நிரூபணமானால் மதங்கள் என்னவாகும்? இக்கேள்வி பெரும்பாலும் ஒரு இறையியல் புதிராகவே கேட்கப்படுகிறது. கடவுள் மனிதனாகப் பிறந்தது மனிதருக்காக மட்டும்தானா? கிரகத்துக்கொரு சிலுவை உண்டா? இதற்கெல்லாம் வத்திக்கான் ஏற்கெனவே தயாராகிவிட்டது. வேற்றுக் கிரகவாசியையும் சகோதரன் எனலாம் என்று 2008இல் வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநர் ஹோசே காப்ரியேல் ஃபூனெஸ் சொன்னார். செவ்வாய்க் கிரகத்தவர் வந்து ஞானஸ்நானம் கேட்டால் மறுக்க முடியுமா என்ற பொருள்பட 2014இல் பாப்பரசர் பிரான்சிஸ் பிரசங்கம் செய்தார். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருபவர் நமது ஞானஸ்நானத்தைக் கேட்டு வருகிறார். தனது கடவுளை நமக்குத் தர வருபவராக அவரை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த மனப்பாங்கின் மறுபக்கத்தை ஜேம்ஸ் பிளிஷ் 1958இல் வெளிவந்த 'எ கேஸ் ஒஃப் கொன்சியன்ஸ்' நாவலில் காட்டினார். லித்தியா என்ற கிரகத்தில் வாழும் ஊர்வன இனத்து மக்களிடம் குற்றம் இல்லை, கடவுளும் இல்லை. அங்கு செல்லும் யேசு சபைக் குருவானவர் ரூயிஸ்-சாஞ்சேஸுக்குக் கடவுளற்ற நன்மை தாங்க முடியாததாகிறது. அக்கிரகமே சாத்தான் விரித்த வலை என்று முடிவு கட்டுகிறார். இறுதியில் அவர் பேயோட்டும் மந்திரத்தை உச்சரிக்கையில், அங்கு நடக்கும் அணுப் பரிசோதனையால் கிரகம் அழிகிறது. எது அழித்தது என்பதை பிளிஷ் வாசகரிடமே விட்டுவிடுகிறார். எப்படியாயினும் குருவானவரின் விசுவாசம் தப்பியது, அழிந்தவர்கள் லித்தியர்கள்.

ரஸ்ஸலின் நாவல் 1996இல் வந்தது. ஆசிரியர் தொல்மானிடவியல் பயின்றவர். 2019இல் புவேர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ வானொலித் தொலைநோக்கியில் வேற்றுக் கிரகத்துப் பாடல்கள் கேட்பதாகக் கதை தொடங்குகிறது. ஐ.நா. விவாதித்துக்கொண்டிருக்கும்போதே யேசு சபை இரகசியமாக ஒரு குழுவை அனுப்பிவிடுகிறது. மொழியியலாளரான குருவானவர் எமிலியோ சண்டோஸ் அப்பாடல்களில் கடவுளின் அழைப்பைக் கேட்கிறார். ராகத் கிரகத்தில் அவர்கள் அன்போடுதான் இறங்குகிறார்கள். ருனா மக்களுக்குத் தோட்டம் போடக் காட்டிக் கொடுக்கிறார்கள். உணவு பெருகுகிறது, பிள்ளைகள் பெருகுகின்றன. ருனாக்களை வளர்த்துத் தின்னும் ஜனாத்தா இனம் கணக்கைச் சரிசெய்யக் குழந்தைகளைக் கொல்ல வருகிறது. கைகள் சிதைக்கப்பட்டு, பாலியல் வதைக்குள்ளாகி, சண்டோஸ் தனியொருவராகப் பூமிக்குத் திரும்புகிறார். தன்னை அழைத்த பாடல்களைப் பாடியவனே தன்னை வதைத்தவன் என்பதுதான் அவரது விசுவாசத்தை உடைக்கிறது. தன்னை அங்கு கொண்டுபோனது கடவுள் என்றால் அவர் கொடூரமானவர், இல்லையென்றால் எல்லாம் வெறும் விபத்து. இரண்டையும் அவரால் தாங்க முடியவில்லை.

நாவலின் பல பகுதிகள் விசாரணை அறையில் நடக்கின்றன. இப்பகுதிகளை அகதிகளான நாம் வேறுவிதமாகவே வாசிப்போம். சண்டோஸ் வாய் திறக்குமுன்பே அவரைப் பற்றிய அறிக்கை வந்து சேர்ந்துவிட்டது. அதை எழுதியவர்கள் வேறு ஆட்கள். விபசாரி, குழந்தையைக் கொன்றவன் என்று அதில் இருக்கிறது. கைகள் சாட்சியாக மேசைமேல் கிடந்தும் வாயால் சொல்லும்படி கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அகதி விண்ணப்ப விசாரணைக்குப் போய் வந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரஸ்ஸல் இதனை மிக நேர்மையாக எழுதியிருக்கிறார்.

எனது விமர்சனமும் இங்கிருந்துதான் ஆரம்பமாகிறது. விசாரணை ஒரு குருவானவரின் ஆன்மாவைப் பற்றியது. கொல்லப்பட்ட ருனாக் குழந்தைகளுக்கு எந்த விசாரணையும் இல்லை. தலைப்பு மத்தேயு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்துக் குருவியைச் சுட்டுகிறது. குருவி விழுவதைக் கடவுள் அறிவார், ஆயினும் அது விழுகிறது என்பதே நாவல் தரும் பதில். ஆனால் விழுந்த குருவியாக நம்முன் வைக்கப்படுவது சண்டோஸ்தான். வந்திறங்கியவர்களைப் பார்த்த ருனாக்களின் நம்பிக்கைகள் என்னவாயின என்பதில் நாவலுக்கு அக்கறை குறைவு. 1550-51இல் ஸ்பெயினின் வல்லாடோலிட் நகரில் லஸ் காசஸும் செபுல்வேதாவும் அமெரிக்கப் பழங்குடிகளைப் பற்றி வாதிட்டபோதும் இப்படித்தான் நடந்தது. லஸ் காசஸ் அவர்களுக்காகவே வாதாடினார், எனினும் சபையில் அவர்கள் தரப்பில் அவர்களே பேசவில்லை.

"எங்கள் சமயத்தில் எத்தனையோ அண்டங்கள் உண்டு, எங்களுக்குப் பிரச்சினை இல்லை" என்று சைவர்களாகிய நாம் இதைக் கிறிஸ்தவர்களின் தலைவலியாக ஒதுக்கிவிட முடியாது. அத்தனை அண்டங்களுக்கு இடமிருந்த சமயத்தில், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நின்ற அயலூர் மனிதருக்கு இடமிருக்கவில்லை. அண்டங்களை எண்ணுவதற்கு எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கதவைத் திறப்பதானால் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஆகவே வேற்றுயிர்களின் இருப்பு மட்டும் எந்த மதத்தையும் அசைத்துவிடாது என்றே நினைக்கிறேன். மதங்கள் வியாக்கியானம் சொல்வதில் கெட்டிக்காரர்கள். எதிரில் நிற்பவருக்கு என்ன செய்தோம் என்ற கேள்விக்குத்தான் வியாக்கியானம் போதாமற் போகிறது. 'தி ஸ்பரோ' அக்கேள்வியைப் பாதிதூரம் கொண்டுசெல்கிறது. அந்தப் பாதிக்காகவேனும் வாசிக்க வேண்டிய நாவல் இது. மீதியை ருனாக்களின் பக்கத்திலிருந்துதான் எழுத வேண்டும். வாசித்தவர்கள் மறுத்தேனும் எழுதுங்கள்.