சாட்சியும் தியாகியும்: தேவசகாயம் வரலாற்றை முன்வைத்து ஒரு சொல்லாய்வு

முன்னுரை

கருநாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல், 1880களில் சுரங்கத் தொழில் தொடங்கிய காலம் முதல் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்று குடியேறிய தொழிலாளரின் ஊராகும். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் அங்குத் தமிழ் வழங்கி வருகிறது. கொள்கைக்காக உயிரிழந்தோரைக் குறிக்க அவ்வழக்கில் இருவகைச் சொற்கள் உள்ளன. 1946 நவம்பரில் போலீசார் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட சுரங்கத் தொழிலாளர் ‘தியாகிகள்’ எனப்படுவர். கத்தோலிக்க வழிபாட்டில் நினைவுகூரப்படும் கொலையுண்ட அடியாரோ ‘வேதசாட்சி’ அல்லது ‘மறைசாட்சி’ எனப்படுவார். ஆங்கிலம் இவ்விருவரையும் ‘மார்ட்டர்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கும்.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்போர் இவ்விரு சொற்களையும் ஒன்றற்கொன்று பதிலாக ஆள்வதுண்டு. அது பொருட்பிழையாகும் என்பதும், அப்பிழை ஒரு வரலாற்று வழக்கின் தீர்ப்பையே மாற்றிவிடக்கூடும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. புனித தேவசகாயத்தின் வரலாறு இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவர் சமயத்திற்காகக் கொல்லப்பட்டாரா, அரசியற் காரணத்திற்காகக் கொல்லப்பட்டாரா என்னும் வாதம் இன்றும் தொடர்வதே இத்தேர்வுக்குக் காரணம்.

1. வரலாற்றுச் சுருக்கம்

நீலகண்டன் என்னும் இயற்பெயருடைய தேவசகாயம் 1712இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்தார். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனை அலுவலராகப் பணியாற்றினார். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டுப் பின்னர் மன்னரின் படைப்பணியில் சேர்ந்த டச்சுத் தலைவர் டிலனாயின் வழியாகக் கத்தோலிக்க சமயத்தை அறிந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். 1749இல் சிறைப்பட்டு, மூன்றாண்டுக் காலத் துன்பங்களுக்குப் பின் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது கல்லறை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் உள்ளது. 2012 டிசம்பர் 2 அன்று அருளாளராகவும் 2022 மே 15 அன்று புனிதராகவும் அறிவிக்கப்பட்டார்.

2. ‘சாட்சி’ என்னும் சொல்

‘மார்ட்டர்’ என்பதன் மூலமாகிய கிரேக்கச் சொல்லுக்குச் ‘சாட்சி சொல்பவர்’ என்பதே முதற்பொருள். ஆங்கிலத்தில் இப்பொருள் மறைந்து, உயிர்நீத்தல் என்னும் பொருளே எஞ்சியது. திருத்தூதர் பணி 22:20இல் ஸ்தேவானைக் குறிக்கும் இச்சொல்லை ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பு ‘மார்ட்டர்’ என்றே தருகிறது. தமிழ் மொழிபெயர்ப்போ ‘சாட்சி’ என்கிறது. மூலப்பொருளைக் காத்தவகையில் தமிழ் இங்கு மேம்பட்டு நிற்கிறது.

சாட்சி என்பது ‘கண்ணாற் கண்டவர்’ என்னும் பொருளுடைய வடசொல். அதற்கு நேரான பழந்தமிழ்ச் சொல் ‘கரி’ என்பதாகும். குறள் 25 இப்பொருளிலேயே அதனை ஆள்கிறது. பிற்காலத்தில் அடுப்புக்கரி என்னும் பொருளே கரிக்கு மேலோங்கியதால் சாட்சி என்னும் சொல் நிலைபெற்றது எனலாம்.

தமிழ்க் கிறித்தவர் இச்சொல்லோடு மூன்று அடைகளைச் சேர்த்தனர். வேதசாட்சி என்பது வேதத்திற்குச் சாட்சி என நான்காம் வேற்றுமைப் பொருளில் விரியும். இரத்தசாட்சி என்பது இரத்தத்தால் சாட்சி என மூன்றாம் வேற்றுமைப் பொருளில் விரியும். முன்னது எதற்குச் சாட்சி என்பதையும், பின்னது எதனால் சாட்சி என்பதையும் கூறும். மூன்றாவதாகிய மறைசாட்சி, வேதசாட்சியின் முதற்பகுதியைத் தமிழாக்கியதால் விளைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பின் வழிபாட்டுத் தமிழில் பூசை திருப்பலியாகவும், விசுவாசம் நம்பிக்கையாகவும் மாறிய போக்கோடு சேர்த்து இதனைக் காணவேண்டும்.

இங்குப் புணர்ச்சி ஒன்று நோக்கத்தக்கது. மறைக்கல்வி, மறைப்பணி என்பவற்றில் ஒற்று மிகுகிறது. மறைசாட்சி என்பதிலோ வழக்கில் மிகுவதில்லை. இலக்கணப்படி நோக்கின் இத்தொடர் சுடுசோறு, ஊறுகாய் போன்ற வினைத்தொகையாக நின்று ‘மறைகின்ற சாட்சி’ என்னும் பொருளுக்கும் இடந்தரும். பலரறிய நின்று மொழிவதே சாட்சியின் இயல்பாதலின், இப்பொருள் கருதியதற்கு நேர்மாறானது. வடமொழித் தொகையாகிய வேதசாட்சியில் ஒற்று மிகாமையே புதிய சொல்லிலும் ஒட்டிக்கொண்டது எனக் கருதலாம். சொல் மாறியும் பழைய தொகையின் உருவம் மாறவில்லை. வழக்குப் பயிற்சியால் படிப்போர் மயங்குவதில்லை எனினும், கலைச்சொல் ஆக்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

3. ‘தியாகி’ என்னும் சொல்

தியாகம் என்பதன் பழம்பொருள் கொடை. விக்கிரம சோழனுக்குரிய ‘தியாகசமுத்திரம்’ என்னும் பட்டம் அவனது வள்ளன்மையைக் குறித்தது. விடுதலை இயக்கக் காலத்தில் இச்சொல் நாட்டிற்காகத் தம் நலத்தைத் துறந்தவரைக் குறிக்கலாயிற்று. ஆயினும் தியாகியாவதற்கு இறப்பு வேண்டியதில்லை. ‘சுதந்திரப் போராட்டத் தியாகி’ உயிருடன் இருந்து ஓய்வூதியம் பெறலாம். வேதசாட்சி என்னும் சொல்லோ வழக்கில் கொலையுண்டவருக்கே உரியது.

இதனினும் ஆழமான வேறுபாடு ஒன்றுண்டு. தியாகம் என்னும் வினைக்குப் பெறுவோர் வேண்டும்; நாடோ, தொழிலாளர் வர்க்கமோ அதனைப் பெறும். சாட்சியம் என்னும் வினைக்குக் கேட்போர் வேண்டும். வினவுகின்ற ஓர் அவையும், ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என விடையிறுக்க வேண்டிய ஒரு தருணமும் இன்றிச் சாட்சி இல்லை. ஆகவே தியாகியின் வரலாற்றுக்கு இழப்பு மையமாகும். சாட்சியின் வரலாற்றுக்கு வாய்மொழி மையமாகும். தேவசகாயம் பற்றிய தமிழ் மரபுக் கதைகள் இதற்குப் பொருந்துகின்றன. எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்ற தண்டனையும், பழைய நெறிக்குத் திரும்பினால் பதவி மீளும் என்ற அழைப்பும், அதனை அவர் மறுத்த விடையுமே அவற்றில் விரித்துரைக்கப்படுகின்றன. இழிவுபடுத்தற்கென அரசு கூட்டிய கூட்டமே அவர் சாட்சியத்தைக் கேட்கும் அவையாயிற்று என்பது அக்கதைகளின் உட்பொருள்.

அண்டை மொழிகள் வேறு வழி சென்றன. மலையாளத்தில் ‘ரக்தசாட்சி’ என்பது கிறித்தவ வழக்கிலிருந்து அரசியலுக்குப் பரவி, கட்சிப் போராட்டத்தில் மாண்டவரையும் குறிக்கிறது. கன்னடம் சமயத்திற்கு ‘ரக்தசாட்சி’ என்பதையும் அரசியலுக்கு ‘ஹுதாத்மா’ என்பதையும் பிரித்தாள்கிறது. பின்னது தன்னையே வேள்வியில் ஆகுதியாக்கியவர் என்னும் உருவகம். தங்கவயலில் தமிழுக்கும் கன்னடத்திற்கும் இடையே மொழிபெயர்ப்பவர், தியாகி, ஹுதாத்மா ஆகிய சொற்களை இணையாகக் கொள்ளலாம். மறைசாட்சியை அவ்விரண்டனுள் எதனோடும் இணைத்தல் ஆகாது.

4. அரசியலா, சமயமா?

தேவசகாயம் கொல்லப்பட்டது இராசத்துரோகக் குற்றத்திற்கே என்றும், மார்த்தாண்ட வர்மர் ஆட்சியில் சமயம் மாறியோர் ஒறுக்கப்படவில்லை என்றும் வரலாற்றாசிரியர் சிலர் கூறுவர். இவ்வாதத்தைப் புறந்தள்ளுதல் முறையன்று. டிலனாய் கத்தோலிக்கராகவே இருந்து 1777இல் இறக்கும்வரை திருவிதாங்கூர்ப் பணியில் மதிப்புடன் விளங்கினார். எனவே கத்தோலிக்கராக இருத்தல் மட்டுமே அங்குக் குற்றமன்று என்பது தெளிவு. மறுபுறம், கொச்சி ஆயர் 1756இல், அதாவது கொலை நிகழ்ந்து நான்கே ஆண்டுகளில், உரோமைக்கு விடுத்த அறிக்கை தேவசகாயத்தின் இறப்பை விசுவாசத்தோடு இணைத்தே பேசுகிறது.

இம்முரண்பாட்டைத் தீர்க்க ஒரு நிகழ்ச்சி உதவும். 1750 ஜனவரியில், தேவசகாயம் சிறையிலிருந்த காலத்திலேயே, மன்னர் தம் நாடு முழுவதையும் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்துப் பத்மநாபதாசர் எனப் பெயர் பூண்டார். திருப்படித்தானம் எனப்படும் இச்செயலால் நாட்டின் உரிமையாளர் இறைவனே ஆனார், அரசப்பணி இறைப்பணியாயிற்று. அத்தகைய அரசில், அயல்நாட்டவர் ஒருவரின் சமயம் அவரது தனியுரிமை. அரண்மனை அலுவலராகிய உள்நாட்டு மேற்சாதியினர் ஒருவரின் சமயமாற்றமோ அரசொழுங்கிற்கே அறைகூவல். சாதி வேறுபாடு பாராது அவர் பழகினார் என மரபு கூறுவதும் அவ்வறைகூவலை மிகுவித்திருக்கும். ஆகவே ‘அரசியலா, சமயமா’ என்னும் வினா பிற்காலத்தது. ‘அரசியல் அடக்குமுறை’ என்னும் இன்றைய தொடர் அக்காலத்தில் பிரிக்கப்படாத இரண்டைப் பிரித்துவிடுகிறது. பழைய கத்தோலிக்கத் தமிழின் ‘வேதகலாபனை’ என்னும் சொல்லோ அரசின் பங்கை அறவே மறைத்துவிடுகிறது. இரண்டும் ஒருதலைப்பட்சமானவை.

கத்தோலிக்கத் திருச்சபையின் விசாரணை முறை இருவேறு வினாக்களை எழுப்பும்: கொன்றவரின் நோக்கம் விசுவாசத்தின் மீதான பகையா? கொல்லப்பட்டவர் விசுவாசத்திற்காகச் சாவை மனமுவந்து ஏற்றாரா? வரலாற்றாசிரியரின் வாதமெல்லாம் முதல் வினாவைப் பற்றியது. சாட்சி என்னும் சொல் இரண்டாம் வினாவுக்கு மட்டுமே விடை கூறுகிறது. கொன்றவரின் உள்ளத்தைப் பற்றி அது யாதும் கூறவில்லை. அரசன் துரோகத்திற்கெனத் தண்டித்திருப்பினும், தண்டிக்கப்பட்டவர் தம் நம்பிக்கைக்குச் சாட்சியாக இறந்திருத்தல் கூடும். இவ்விடத்தைத் திறந்துவைப்பதே சாட்சி என்னும் சொல்லின் சிறப்பு. அங்குத் ‘தியாகி’ என்று பெயர்த்தால், அரசை எதிர்த்து மாண்டவர் என்னும் பொருள் நுழைகிறது. அவர்மீது சாட்டப்பட்ட துரோகக் குற்றத்தை மொழிபெயர்ப்பாளரே உறுதிசெய்தவராகிறார்.

5. பெயரும் ஒரு மொழிபெயர்ப்பே

‘தேவசகாயம்’ என்பது லாசர் என்னும் விவிலியப் பெயரின் மொழிபெயர்ப்பு. ‘கடவுள் உதவினார்’ என்னும் பொருளுடைய எபிரேயப் பெயர் தமிழில் வடசொற்றொடராக வந்தது. ஒலிபெயர்ப்பை விடுத்துப் பொருள்பெயர்ப்பை மேற்கொண்ட இப்பெயரையே ஊர் வழக்கு ஏற்றுக்கொண்டது. 2012இல் பெயரோடு இருந்த ‘பிள்ளை’ என்னும் சாதிப் பின்னொட்டு, எழுந்த முறையீடுகளின் விளைவாக, புனிதர் பட்டத்தின்போது நீக்கப்பட்டது. இனி மொழிபெயர்ப்போர் பழைய ஆவணங்களில் அதனைக் காணுமிடத்துக் காப்பதும், தம் நடையில் தவிர்ப்பதும் பொருந்தும்.

முடிவுரை

சாட்சி, தியாகி ஆகிய இரண்டும் ஒருபொருட் பன்மொழி அல்ல. முன்னது சொன்னவரையும் பின்னது கொடுத்தவரையும் குறிக்கும். தங்கவயல் மக்களின் வழக்கு இவ்வேறுபாட்டைக் காத்துவருகிறது. அகராதிகளும் அதனைக் காத்தல் வேண்டும். அரசு சாட்டிய குற்றம் அரசின் கூற்றாகவும், அடியார் அளித்த விடை அவரது கூற்றாகவும் மொழிபெயர்ப்பில் தனித்தனியே விளங்க வேண்டும். தீர்ப்பு வழங்கும் பொறுப்பு வரலாற்றுக்குரியது. வினவியவர் யார், விடையிறுத்தவர் யார் என்பதை மயங்காமல் தருவதே மொழிபெயர்ப்பாளரின் கடமை.