தலைவர் சரி, துணை யாருக்கு?

மேலூர் வட்டாரத்தில் ஊராட்சித் தேர்தல் வந்துவிட்டால், வேட்பாளரைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி விழுந்துவிடும்: "தலைவர் சரி, துணை யாருக்கு?" திருவாதவூர்க் கடைத்தெருவிலும் இதே கேள்விதான். சட்டப்படி அந்த நேரத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. 2019 டிசம்பரில் கிராமத்து வாக்காளர் கையில் நான்கு நிறத்தில் சீட்டுக் கொடுத்தார்கள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். துணைத் தலைவருக்கென்று சீட்டுக் கிடையாது. வார்டு உறுப்பினர்கள் 2020 ஜனவரி 11 அன்று கூடி, மறைமுகத் தேர்தலில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் துணைப் பதவி எந்தத் தெருவுக்கு, எந்தச் சமூகத்துக்கு என்ற பேச்சு வாக்குப்பதிவுக்கு முன்பே முடிந்துவிடுவது வழக்கம். இரண்டாம் இடத்தைக் காட்டி முதல் இடத்துக்கு ஓட்டுச் சேர்க்கலாம் என்பது இங்கே பலரும் நம்பும் கணக்கு.

இந்தக் கணக்கை ஊராட்சி அளவில் சோதிப்பது கடினம். கட்சிச் சின்னம் இல்லாத தேர்தலில் உறவும் கடனும் கோயில் மரியாதையும் கலந்து கிடக்கும். எது எத்தனை ஓட்டைக் கொண்டுவந்தது என்று பிரித்தெடுக்க முடியாது. குடியரசுத் தலைவர் தேர்தலும் உதவாது. அங்கே துணைத் தலைவருக்குத் தனித் தேர்தல், வாக்களிப்பவர்களும் நம் பிரதிநிதிகள்தான். தலைவரையும் துணையையும் ஒரே ஜோடியாக நிறுத்தி ஒரே வாக்கில் தேர்ந்தெடுக்கும் அமெரிக்காவுக்குப் போனால்தான் கணக்கைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

அங்கே எல்லோரும் முதலில் எடுத்துக்காட்டுவது 1960. மாசசூசெட்ஸின் ஜான் கென்னடி, டெக்சஸ்காரர் லிண்டன் ஜான்சனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். டெக்சஸை ஏறத்தாழ 46,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அதனால்தான் அதிபரானார் என்பது கதை. கதையின் முதல் பாதியை ஏற்கலாம். அத்தனை நெருக்கமான போட்டியில் உள்ளூர்க்காரர் ஒருவர் ஊர் ஊராகச் சுற்றியது பலன் தந்திருக்கும். முடிவுதான் இடிக்கிறது. அதிபரைத் தீர்மானிக்கும் மாநிலவாரித் தேர்வாளர் வாக்குகளில் கென்னடி பெற்றது 303. டெக்சஸின் 24ஐக் கழித்தால் 279. வெற்றிக்குத் தேவை 269. டெக்சஸ் கைவிட்டுப் போயிருந்தாலும் கென்னடிதான் அதிபர். ஜான்சன் இல்லாவிட்டால் கரோலினா, லூசியானா போன்ற தென் மாநிலங்களும் சேர்ந்து போயிருக்கும் என்று வாதிடலாம். அது மறுக்க முடியாத வாதம்; நிரூபிக்கவும் முடியாத வாதம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கொள்கையைத் தாங்கி நிற்கும் சிறந்த சான்றின் பலமே இவ்வளவுதான் என்றால், மற்ற சான்றுகளைப் பற்றி என்ன சொல்ல?

2024இல் இதே கதை தலைகீழாக வந்தது. கமலா ஹாரிஸ், பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷபீரோவை விட்டுவிட்டு மினசோட்டாவின் டிம் வால்ஸை எடுத்ததால் தோற்றார் என்றார்கள். பென்சில்வேனியாவுக்கு 19 தேர்வாளர் வாக்குகள். ஹாரிஸ் பெற்றது 226. கூட்டினால் 245, தேவை 270. இழுபறி மாநிலங்கள் ஏழிலும் தோற்ற ஒருவரை ஒரு மாநிலத்துப் பிள்ளை காப்பாற்றியிருக்க முடியாது. 2004இல் ஜான் எட்வர்ட்ஸின் வட கரோலினாவும், 2012இல் பால் ரயனின் விஸ்கான்சினும் சொந்த மண்ணின் பிள்ளை நின்ற அணிக்குக் கை கொடுக்கவில்லை. கிறிஸ்டோபர் டிவைன், கைல் காப்கோ என்ற இரு அரசியல் அறிஞர்கள் இந்தச் சொந்த மாநிலப் பலனை விரிவாக ஆராய்ந்து, பொதுவாகப் பார்த்தால் அது இல்லை என்றே சொல்லும் அளவுக்குச் சிறியது என்று 2016இல் எழுதினார்கள்.

நமக்கு நெருக்கமான கேள்வி 2020. மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள துளசேந்திரபுரம், கமலாவின் தாய்வழித் தாத்தா பி.வி.கோபாலனின் பூர்விக ஊர். கமலா துணை அதிபர் வேட்பாளரானதும் ஊரெங்கும் பேனர் வைத்தார்கள். தர்மசாஸ்தா கோயிலில் அபிஷேகம் நடந்தது. அந்த மகிழ்ச்சியில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் பைடன் அவரால் வென்றாரா? ஆகஸ்ட் 11 அன்று பெயர் அறிவிக்கப்பட்டது. அடுத்த 48 மணி நேரத்தில் 4.8 கோடி டாலர் நன்கொடை வந்தது. தொண்டர்கள் நிமிர்ந்தார்கள் என்பதற்கு அது சான்று. வாக்குக்குச் சான்றாகாது. கருத்துக்கணிப்புகளில் பைடன் அதற்கு முன்பே முன்னிலையில் இருந்தார். கறுப்பின வாக்காளர்களைக் கமலா கொண்டுவந்தார் என்பார்கள். பிப்ரவரி கடைசியிலேயே தென் கரோலினாவின் உட்கட்சி முதல்நிலைத் தேர்தலில் அதே வாக்காளர்கள்தான் விழுந்துகிடந்த பைடனைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

இங்கே எதிர்த்தரப்புக்கு ஒரு வலுவான பிடி உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. அரிசோனா, ஜார்ஜியா, விஸ்கான்சின் மூன்றிலும் பைடனின் வித்தியாசத்தைக் கூட்டினால் 43,000க்கும் சற்றுக் குறைவு. அந்த மூன்றும் மாறியிருந்தால் 269க்கு 269. பதினைந்து கோடிக்கு மேல் வாக்குப் பதிவான தேர்தலில் இது ஒரு துளி. அந்தத் துளி அளவுக்கேனும் கமலாவின் பெயரால் யாரும் வாக்குச்சாவடிக்கு வந்திருக்க மாட்டார்கள் என்று யார் சொல்ல முடியும்? நூலிழைத் தேர்தலில் சின்னப் பலனும் போதும் என்பது சரி. அப்படியானால் அன்று பெய்யாத மழையும் போதும், வரிசை நீண்ட ஒரு வாக்குச்சாவடியும் போதும். எல்லாமே காரணமாக முடிகிற இடத்தில் ஒன்றை மட்டும் காரணம் என்று தூக்கிக் கொண்டாட முடியாது.

பிலிப்பைன்ஸ் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. அங்கேயும் ஜோடியாகத்தான் பிரசாரம் செய்கிறார்கள். வாக்கு மட்டும் தனித்தனி. 2016இல் துதெர்த்தே ஒரு கோடியே 66 லட்சம் வாக்குகளில் அதிபரானார். அவருடைய ஜோடி கயெட்டானோவுக்கு 59 லட்சம்தான் விழுந்தது, மூன்றாம் இடம். துணை அதிபராக வென்ற லெனி ரொப்ரெடோ, தோற்ற அதிபர் வேட்பாளரின் ஜோடி. பிரித்துப் போடும் உரிமை கிடைத்த மக்கள் தாராளமாகப் பிரித்துப் போட்டார்கள்.

எதிராக நிற்கும் ஒரே பெரிய எடுத்துக்காட்டு இந்தோனேசியா. 2014, 2019 அதிபர் தேர்தல்களில் ஜோகோவியிடம் தோற்ற பிரபோவோ, 2024இல் அதே ஜோகோவியின் மூத்த மகன் ஜிப்ரானைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு 58.59 விழுக்காடு பெற்றார். ஜிப்ரானுக்கு வயது 36, சட்டம் கேட்டது 40. அவருடைய அத்தை கணவர் தலைமையில் இருந்த அரசமைப்பு நீதிமன்றம் விதிவிலக்கு வழங்கியது. அந்தத் தலைமை நீதிபதி பிறகு நெறிமீறலுக்காகத் தலைமைப் பதவியை இழந்தார். மத்திய ஜாவாவின் ஆளுநராகப் பத்தாண்டு இருந்த கஞ்சார் போட்டியிட்டும் அங்கே பிரபோவோ முந்தினார் என்றால், துணையின் பெயர் வேலை செய்ததாகவே கொள்ள வேண்டும். ஆனால் வேலை செய்தது யாருடைய பெயர்? வாக்காளர்கள் கண்டது சோலோ நகர மேயராக இருந்த ஜிப்ரானை அல்ல. ஆட்சியில் இருந்த, மக்களிடம் செல்வாக்குள்ள தகப்பனாரின் ஆசியை. துணை வேட்பாளர் பின்னால் நிற்கும் ஒரு முழுச் சக்தியின் முகவரியாக இருந்தால் மட்டுமே வாக்கு நகர்கிறது. தமிழ்நாட்டில் கூட்டணி செய்யும் வேலை அது. தெருவுக்குத் துணைப் பதவி தருவதும் அதே வகைதான். அங்கே பலிக்கிறது என்றால் பலிப்பது அந்த ஆள் அல்ல, தெருவே.

தனி ஆளின் தகுதி வாக்கைத் தொடும் வழி ஒன்று உண்டு. 2008இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் மெக்கெய்ன் தமது 72ஆவது பிறந்தநாளன்று சாரா பேலினைத் துணையாக அறிவித்தார். சில நாள் கூட்டம் அலைமோதியது, கணிப்பும் ஏறியது. பிறகு பேட்டிகளில் பேலின் தடுமாறியபோது மக்கள் எடைபோட்டது அவரை மட்டுமல்ல, அவரைத் தேர்ந்தெடுத்த மெக்கெய்னின் நிதானத்தையும்தான். அப்போதும் தோல்விக்கு முதல் காரணம் செப்டம்பர் 15 அன்று விழுந்த லேமன் பிரதர்ஸ் வங்கிதான் என்பேன்.

ஆக, என் தீர்ப்பு இது: துணை வேட்பாளரால் தேர்தல் திரும்பியது என்று உறுதியாகச் சொல்ல அமெரிக்க வரலாற்றில் ஒரு சான்றும் இல்லை. தேர்தல் முடிந்த பிறகுதான் அந்தப் பெயருக்கு எடை வருகிறது. ஒன்பது துணை அதிபர்கள், அதிபர் இறந்தோ பதவி விலகியோ அந்த நாற்காலிக்கு வந்திருக்கிறார்கள். டெக்சஸை வெல்லச் சேர்க்கப்பட்ட ஜான்சன் 1963 நவம்பர் 22 அன்று அதிபரானார். குடிமை உரிமைச் சட்டமும் வியட்நாமுக்குப் போன படைகளும் அவர் கையெழுத்து. 1965 அக்டோபரில் அவர் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டம்தான் தமிழ் மருத்துவர்களுக்கும் பொறியாளர்களுக்கும் அமெரிக்கக் கதவைத் திறந்தது. ஜான்சனைத் துணைக்குச் சேர்த்ததை 46,000 வாக்குக்காக எடுத்த முடிவு என்று பேசுவது எத்தனை சிறுமை!

நம் ஊராட்சியிலும் எடை அங்கேதான் இருக்கிறது. ஊராட்சிக் காசோலையில் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். துணை மறுத்தால் குடிநீர் மோட்டார் பழுதுபார்த்தவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் பணம் நிற்கும். தனித் தொகுதிகளில் வென்ற தலைவரை முடக்க இந்த ஒரு பேனாவே போதும் என்பதைப் பல ஊர்கள் பார்த்திருக்கின்றன. பாண்டியனின் அமைச்சராக இருந்து, குதிரை வாங்கக் கொடுத்த கருவூலப் பணத்தைக் கோயில் பணிக்குச் செலவிட்ட மாணிக்கவாசகர் பிறந்த ஊர் திருவாதவூர். இரண்டாம் இடத்தில் இருப்பவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்று இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மேலூருக்கு அந்தப் பக்கம் மேலவளவில், பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவர் முருகேசனோடு துணைத் தலைவர் மூக்கனும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர்களுக்கு அந்தப் பதவி அலங்காரமாகத் தெரியவில்லை.

2025 ஜனவரி 5 அன்று, 2019 தேர்தலில் அமைந்த ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அடுத்த தேர்தலில் "துணை யாருக்கு?" என்று கேட்பவர்கள், எந்தத் தெருவுக்கு என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அந்த ஆள் யார், தலைவர் வேறு சமூகமாக இருந்தாலும் காசோலையில் கையெழுத்துப் போடுவாரா என்பதை வேட்பாளரிடமும் வார்டு உறுப்பினராக நிற்பவரிடமும் வெளிப்படையாகக் கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு வெள்ளைச் சீட்டில் முத்திரை குத்த வேண்டும். துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அந்த வெள்ளைச் சீட்டு வழியாகத்தான் போகிறது.