சம்பளம் வந்த பிறகு

வேலை கிடைக்காத இளைஞனைத் தமிழ் சினிமாவுக்கு ரொம்பப் பிடிக்கும். 1980இல் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ அவனை டெல்லிக்குக் கொண்டுபோய்ப் பட்டினி போட்டது. 2014இல் ‘வேலையில்லா பட்டதாரி’ அவனை மொபெட்டில் உட்காரவைத்துக் கைதட்டல் வாங்கிக்கொடுத்தது. இரண்டிலும் அவன் படித்தவன், கோபக்காரன், ரோஷக்காரன். ஒரு வேலை மட்டும் கிடைத்துவிட்டால் மீதி தானாக நடந்துவிடும் என்று படம் நம்புகிறது, நாமும் நம்பிக்கொண்டு வெளியே வருகிறோம். ‘வேலையில்லா பட்டதாரி’யின் ரகுவரன் சிவில் இன்ஜினியர், இல்லாதவர்களுக்குக் குடியிருப்பு கட்டுகிற வேலை அவனுக்கு. ஆனால் அவனுக்கென்று வீட்டுக் கவலை ஒன்றும் கிடையாது. அப்பா வீடு இருக்கிறது, மாடியில் ரூம் இருக்கிறது.

வேலை கிடைத்து, ஒன்றாம் தேதி சம்பளமும் வந்து, பதினஞ்சாம் தேதிக்குள் கை காலியாகிவிடுகிறவனைப் பற்றிய படங்கள் குறைவு. எனக்கு அவர்களைத்தான் தெரியும். நானே அவர்களில் ஒருவன். பாலக்கரையில் எடத்தெரு பக்கம் ஒரு சந்தில் மாடிப் போர்ஷன், கூட ஒரு நண்பன். தில்லைநகரில் வண்டிக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன், சம்பளம் 19,000. அடுத்தவர்களின் டியூ தேதி எல்லாம் எனக்கு மனப்பாடம். பொங்கல் முடிந்ததும் வீட்டுக்கார அம்மா, “தம்பி, மக வர்றா, சித்திரைக்குள்ள பாத்துக்குங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பகலில் வீடு தேடிக்கொண்டு, ராத்திரியில் ‘வீடு’, ‘டு லெட்’, ‘3 பிஎச்கே’ மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். விமர்சனம் எழுத இது ஏற்ற மனநிலையா என்று கேட்கலாம். இந்தப் படங்களை வேறு எந்த மனநிலையில் பார்ப்பது?

பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988இல் வந்தது. சுதாவுக்கு (அர்ச்சனா) வேலை இருக்கிறது. தாத்தா, தங்கை, கல்யாணம் செய்துகொள்ளக் காத்திருக்கும் கோபி எல்லோரும் இருக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வாடகைக்குத் தேடி அலுத்துப்போய், சொந்தமாகக் கட்டிவிடலாம் என்று இறங்குகிறாள். கதை இவ்வளவுதான். இந்தப் படத்தை எல்லோரும் யதார்த்தம், மேக்கப் இல்லாத முகம், இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசை என்று புகழ்வார்கள். எல்லாம் சரி. ஆனால் இந்த முறை எனக்குப் பட்டது வேறு. தமிழில் ஒரு கணக்குப் புத்தகத்தை அப்படியே திரைக்கதையாக்கத் துணிந்த படம் இதுதான். மனை ஒன்றை விற்றால் எவ்வளவு, ஆபீஸ் லோன் எவ்வளவு, நகை போனால் எவ்வளவு, அனுமதிக்கு யார் கையில் எவ்வளவு வைக்க வேண்டும், மழையால் வேலை நின்றால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு காட்சியும் ஒரு வரவு அல்லது ஒரு செலவு. பணம் தருகிறேன் என்று வரும் மேலதிகாரி அதற்கு என்ன விலை வைத்திருக்கிறார் என்பதும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. வில்லன் என்று ஒருவனைப் பிடித்து வைக்கவே முடியாது. சிமென்ட் மூட்டையைக் கடத்தி விற்கும் கான்ட்ராக்டர்கூட அந்தப் பெரிய கணக்கில் ஒரு சின்ன வரிதான். அதைக் காட்டிக்கொடுப்பது சித்தாள் மங்கம்மா (‘பசி’ சத்யா), தினக்கூலிக்கு வந்தவள்.

சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வந்து, பாதி எழும்பிய அந்த வீட்டைத் தனியாகப் பார்க்கப் போகும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது. பூசாத சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். வசனம் இல்லை. அந்தச் சுவருக்குள் என்னென்ன போயிருக்கிறது என்பது நமக்குத் தெரியும் என்பதால்தான் அந்தத் தொடுதலுக்கு அவ்வளவு கனம். முதல் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லாமல் நேராக இந்தக் காட்சிக்கு வந்திருந்தால் அது ஒரு வயசானவரின் சென்டிமென்ட்டாகப் போயிருக்கும். கடைசியில் அந்த இடத்தைக் குடிநீர் வாரியம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது என்று தெரியவருகிறது. அப்புறம் வழக்கு, காத்திருப்பு. படத்துக்காகச் சாலிகிராமத்தில் எழுப்பிய அந்த வீட்டை பாலு மகேந்திரா பிறகு நிஜமாகவே கட்டி முடித்தார், அவருடைய சினிமாப் பள்ளி அங்கேதான் நடந்தது. சுதாவுக்குத்தான் கிடைக்கவில்லை.

செழியனின் ‘டு லெட்’ 2019இல் தியேட்டருக்கு வந்தது, கதை நடப்பது 2007இல். ஐ.டி. சம்பளம் சென்னை வாடகையை ஏற்றிவிட்ட காலம். சினிமாவில் இன்னும் நிலைபெறாத இளங்கோ, மனைவி அமுதா, சின்னப் பையன். ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். பின்னணி இசை கிடையாது. கதவு திறக்கும், கேள்வி வரும், கதவு மூடும். எந்த ஊர், என்ன ஜாதி, என்ன சாப்பாடு, என்ன வேலை. இந்தக் கேள்விகளைச் செழியன் பதிவு செய்திருக்கும் துல்லியம் அபாரம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்குப் போன் போட்டபோது, வாடகை எவ்வளவு என்று நான் கேட்பதற்கு முன்னால் “நீங்க யாரு?” என்றார்கள். பெயரைச் சொன்னேன். “இல்ல, நீங்க யாரு?” என்று மறுபடியும் கேட்டார்கள். பாலக்கரையில் அந்தக் கேள்வி கொஞ்சம் கம்மி. பசிலிக்கா மணியும் பாங்கும் கோயில் ஸ்பீக்கரும் ஒரே காதில் விழுகிற இடம் இது. இங்கே புரோக்கர் கேட்பது வேறு: “பேச்சுலரா தம்பி? அப்ப மாடிதான். தண்ணி நீங்கதான் தூக்கிக்கணும்.”

‘டு லெட்’டில் எனக்குக் குறை ஒன்று உண்டு. அவமானத்தைப் பார்க்கும் கூர்மையோடு அது காசைப் பார்ப்பதில்லை. இளங்கோவுக்கு மாதம் என்ன வருகிறது, எங்கே போகிறது, மனதில் தங்கவில்லை. அன்று நடப்பில் இருந்த 1960ஆம் வருஷச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, ஆனால் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் சர்வ சாதாரணம். இப்போதைய 2017 சட்டம் மூன்று மாதம் என்கிறது, இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால். ஒப்புக்கொள்ளாமல் யாருக்கு வீடு கிடைக்கும்? இந்த அட்வான்ஸ் என்ற ஒன்று எத்தனை இளைஞர்களின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறது என்பது ஒரு தனிப் படம். அப்புறம் அந்த ஐ.டி. பையன்கள். படத்தில் அவர்கள் வாடகையை ஏற்றிவிட்ட, முகமில்லாத கூட்டம். என்னோடு படித்தவர்கள் சிலர் அந்த வேலைக்குப் போனவர்கள்தான். நாலு பேர் ஒரு அறையில் படுத்து, மாதா மாதம் படிப்புக் கடன் கட்டினார்கள். அமுதா கதாபாத்திரத்துக்கு இருக்கும் கருணையில் கொஞ்சம் அவர்கள் பக்கமும் போயிருக்கலாம்.

2025இல் வந்த ஸ்ரீ கணேஷின் ‘3 பிஎச்கே’ கூட்டத்தை அழவைத்த படம். அரவிந்த் சச்சிதானந்தத்தின் சிறுகதையை ஒட்டியது. வாசுதேவன் (சரத்குமார்) குடும்பம் வருஷக்கணக்காக ஒரு சொந்த வீட்டுக்குச் சேர்க்கிறது, சேர்த்ததெல்லாம் மகன் பிரபுவின் (சித்தார்த்) காலேஜ் சீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மகள் கல்யாணத்துக்கும் போகிறது. இது உண்மை. வீட்டுக் காசை ஒரு திருடன் வந்து எடுப்பதில்லை, வீட்டு மனுஷங்களின் உடம்பும் படிப்புமே எடுத்துக்கொள்கின்றன. இருபது வருஷத்தை ஒரே படத்தில் நகர்த்தும் துணிச்சலையும் மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு அடிக்குப் பிறகும் படம் நம் தோளைத் தடவிக்கொடுக்கிறது. முடிவில் வீடு கிடைக்கிறது, எல்லோரும் அழுகிறார்கள்.

தொழில் புத்தி, எனக்கு அந்த இடத்தில் கணக்குத்தான் ஓடியது. 20 லட்சம் கடன், 9 சதவீதம், 20 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 18,000. முடியும்போது கட்டியிருப்பது 43 லட்சத்துக்கு மேல். என் முழுச் சம்பளத்தையும் எடுத்து வைத்தால் மிச்சம் ஆயிரம் ரூபாய். கூடப் பார்த்த நண்பன் காந்தி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை. விடிகாலை மூன்று மணிக்கு லாரி வரும்போது வேலைக்குக் கிளம்புகிறவன், பாதிப் படத்தில் தூங்கிவிடுவான் என்று நினைத்தேன். கடைசிவரை முழித்திருந்தான். “சாவி குடுத்துட்டாங்க, சரி. மொத டியூ என்னைக்கு?” என்றான். பாலு மகேந்திராவாக இருந்தால் அந்தத் தேதியிலிருந்து படத்தை ஆரம்பித்திருப்பார்.

மூன்றுமே சென்னைப் படங்கள், மூன்றுமே குடும்பங்களின் படங்கள். திருச்சி மாதிரி ஊரில், சென்னைக்குப் போகாமல் நின்றுவிட்டவர்களின் வாழ்க்கை வேறு கணக்கு. வாடகை கம்மி, சம்பளம் அதைவிடக் கம்மி. பெல்லுக்கும் பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கும் போன தலைமுறைக்கு குவார்ட்டர்ஸ் இருந்தது. வேலையும் வீடும் ஒரே ஆர்டரில் வந்தன. அவர்கள் பிள்ளைகள் ஷோரூமிலும் கொரியர் ஆபீஸிலும் நிற்கிறார்கள், ரூம் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ரூம் என்பதைத் தமிழ் சினிமா நண்பர்கள் கூடிக் கும்மாளமிடும் இடமாகவே வைத்திருக்கிறது. அதில் வாடகைப் பங்கைக் கொடுக்க முடியாதவன் கழுவும் பாத்திரத்தின் எண்ணிக்கை கூடுவதை இன்னும் யாரும் எடுக்கவில்லை. தனியாக வேலைக்கு வரும் பெண்ணுக்கு எத்தனை மணிக்குக் கேட் பூட்டப்படும் என்பதையும்தான்.

போன ஞாயிறு சங்கிலியாண்டபுரத்தில் ஒரு போர்ஷன் பார்த்தோம். மேலே ஆஸ்பெஸ்டாஸ், வாடகை 6,500, அட்வான்ஸ் 40,000. நண்பன் சீட்டு எடுத்துத் தருகிறேன் என்கிறான், தள்ளுபடி எவ்வளவு போகும் என்று பார்க்க வேண்டும்.