குளவிக் கணக்கெடுப்பும் காணாமற்போன புழுவும்

நெல் வயல்களில் ஒட்டுண்ணிக் குளவிகளின் பல்வகைமையை மண்டலவாரியாக அளந்து ஒப்பிடுவது தமிழ்நாட்டின் வேளாண் பூச்சியியலில் ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. காவிரிப் படுகை, மேற்கு மண்டலம், அதிக மழை பெறும் மண்டலம் என்று இடங்களைப் பிரித்துக்கொண்டு, சோப்புத் தண்ணீர் ஊற்றிய மஞ்சள் தட்டுகளை வரப்போரம் வைத்தும் கைவலை வீசியும் குளவிகளைப் பிடித்து, குடும்பம், பேரினம், இனம் என வகை பிரித்து, ஷானன், சிம்ப்சன் ஆகியோர் பெயரால் வழங்கும் குறியீட்டெண்களைக் கணக்கிடுவது இதன் நடைமுறை. அந்த எண் உயர்ந்த மண்டலத்தில் பூச்சிகளுக்கு இயற்கைக் கட்டுப்பாடும் வலுவாக இருக்கும் என்ற முடிவு, வெளிப்படையாகவோ குறிப்பாகவோ, அதிலிருந்து பெறப்படுகிறது. இதை யாரேனும் கேள்விக்குள்ளாக்கினால், பட்டியல் முதலில் வரட்டும், மற்றவை பிறகு என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது.

இம்முறைக்குரிய பெருமையை மறுப்பதற்கில்லை. மஞ்சள் தட்டு மலிவானது. ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத குளவிகளைக்கூட விடாமல் பிடிப்பது. அறிவியலுக்குப் புதிய இனங்கள் பலவும் இத்தகைய சேகரிப்புகளிலிருந்தே கிடைத்திருக்கின்றன. சில குடும்பங்கள் மஞ்சள் நிறத்துக்கு அதிகமாக ஈர்க்கப்படுவதால் கணக்கு ஒரு பக்கம் சாயும் என்ற குறையைக்கூட, வலை வீச்சையும் சேர்த்துக்கொண்டு ஓரளவு ஈடுசெய்யலாம்.

ஈடுசெய்ய முடியாத குறை வேறொன்று. ஒட்டுண்ணிக் குளவி என்பது, வளர்ந்தபின் தன்போக்கில் பறந்து திரிந்தாலும், இளம்பருவம் முழுவதையும் மற்றொரு பூச்சியின் முட்டையிலோ புழுவிலோ கூட்டுப்புழுவிலோ கழித்து இறுதியில் அதைக் கொன்றுவிட்டு வெளிவரும் உயிர். அது தின்று வளரும் அந்தப் பூச்சியே ஓம்புயிர் எனப்படுகிறது. ஒரு குளவியின் வேளாண் மதிப்பு முழுவதும் இந்த ஓம்புயிர் எது என்பதில் அடங்கியிருக்க, தட்டில் மிதக்கும் குளவியோ அதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அது குருத்துப்பூச்சியின் முட்டையிலிருந்து வந்ததா, வரப்புப் புல்லில் வாழும் ஏதோ ஒரு தத்துப்பூச்சியிலிருந்து வந்ததா, அடுத்த வயலின் கரும்பிலிருந்து காற்றில் அடித்து வரப்பட்டதா என்று அறிய வழியில்லாத நிலையில், அதை நெல் வயலின் குளவி என்று பதிவு செய்வது தட்டு வைக்கப்பட்ட இடத்தைப் பற்றிய செய்தியே தவிர, குளவியைப் பற்றிய செய்தியன்று.

மாற்று வழி புதிதுமல்ல, அரியதுமல்ல. மஞ்சள் குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சி நெல் இலையின் நுனிப் பக்கத்தில் முட்டைக் குவியலை இட்டு, தன் வயிற்று மயிரால் மூடிவிடுகிறது. பழுப்புக் கம்பளித் துணுக்குப் போலத் தெரியும் அந்தக் குவியலை இலைத்துண்டோடு கிள்ளியெடுத்து, சோதனைக் குழாயில் இட்டுப் பஞ்சடைத்து வைத்தால், சில நாட்களில் புழு வெளிவருகிறது, அல்லது குளவி வெளிவருகிறது. வந்தது டெலினோமஸ் என்றால் ஒரு குளவி ஒரு முட்டையை அழித்திருக்கிறது என்று பொருள்; டெட்ராஸ்டிகஸ் என்றால், அதன் இளம்புழு ஒரு முட்டையோடு நில்லாமல் பக்கத்து முட்டைகளையும் தின்று வளர்வதால், ஒரு குளவிக்குப் பல முட்டைகள் தீர்ந்திருக்கின்றன. ஒரே ஒரு குழாய் ஓம்புயிரையும், ஒட்டுண்ணியின் பெயரையும், குவியலில் எவ்வளவு பங்கு அழிந்தது என்பதையும் ஒருசேரக் காட்டிவிடுகிறது. மஞ்சள் தட்டில் இவ்விரு குளவிகளும் ஆளுக்கு ஒன்று என்றே எண்ணப்படும்.

குறியீட்டெண் இந்தக் குருட்டுத்தன்மையை மேலும் பெருக்குகிறது. ஷானன் எண் இனங்களின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றின் விகிதத்தையும் மட்டுமே பார்ப்பது. இனங்களின் பெயர்களை அடித்துவிட்டு வேறு பெயர்களை எழுதினாலும் எண் மாறாது. இலைச்சுருட்டுப் புழுவைக் கொல்லும் குளவி ஒன்று. அந்தக் குளவியின் கூட்டைத் துளைத்து அதையே கொல்லும் ட்ரைக்கோமலாப்சிஸ் போன்ற மேல் ஒட்டுண்ணி மற்றொன்று. முன்னது உழவரின் துணை, பின்னது துணையின் பகை. ஆனால் இரண்டுமே எண்ணை உயர்த்துகின்றன. மேல் ஒட்டுண்ணிகள் மலிந்த வயல் அட்டவணையில் செழிப்பான வயலாகவே காட்சியளிக்கும். உழவரின் பகையையும் வரவில் வைத்துக் காட்டும் இத்தகைய கணக்கை வேறெந்தத் துறையும் பாராட்டி ஏற்றுக்கொள்ளாது.

பட்டியல் முதலில் என்ற வாதத்தை வரலாறும் ஆதரிக்கவில்லை. 2008 அளவில் கோயம்புத்தூர் வட்டாரத்தில் பப்பாளியிலும் பிறகு மல்பெரியிலும் மரவள்ளியிலும் மாவுப்பூச்சி பரவியபோது, அதை அடக்கியது 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோஃபேகஸ் பப்பாயே என்னும் குளவி. அந்தக் குளவியின் பயனை உலகம் அறிந்ததற்கு, 1999-இல் மாவுப்பூச்சியின் தாயகமான மெக்சிகோவில் அமெரிக்க வேளாண் துறையினர் நடத்திய தேடலே காரணம். அதுவும் ஒரு கணக்கெடுப்புதான். ஆனால் மாவுப்பூச்சியிலிருந்து தொடங்கிய கணக்கெடுப்பு. வகைப்பாட்டுக்கும் இந்த வழியே நன்மை செய்கிறது. கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்தே காட்டில் டேனியல் ஜான்சனும் அவரது குழுவினரும் 1978 முதல் காட்டுப் புழுக்களைச் சேகரித்து வளர்த்து, அவற்றிலிருந்து வெளிவந்த குளவிகளைச் சேர்த்து வைத்தார்கள். 2008-இல் வெளியான ஆய்வில், உருவ அமைப்பைக் கொண்டு 171 இனங்கள் என்று பிரிக்கப்பட்டிருந்த அந்தக் குளவிகள் மரபணுப் பட்டைக்குறியை வைத்துப் பார்க்கையில் 313 ஆகப் பிரிந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஓரிரு புழு இனங்களையே நாடுபவை என்ற செய்தி, எந்தக் குளவி எந்தப் புழுவிலிருந்து வந்தது என்ற பதிவு இருந்ததனாலேயே கிடைத்தது.

புழு வளர்ப்பு நேரம் தின்னும், பாதிப் புழுக்கள் பூஞ்சை பிடித்துச் சாகும், இரண்டாண்டு ஆய்வேட்டுக்குள் அடங்காது என்ற முறையீடுகளில் உண்மை உண்டு. ஆயினும் மூன்று மண்டலங்களை விட்டு ஒரே வட்டாரத்தின் சம்பாப் பயிரை எடுத்துக்கொண்டு, குருத்துப்பூச்சி முட்டைக் குவியல், இலைச்சுருட்டுப் புழு, ஆனைக்கொம்பன் கொம்பு ஆகிய மூன்றை மட்டும் நடவு முதல் அறுவடை வரை வாரந்தோறும் சேகரித்து வளர்க்கும் மாணவர், மண்டலங்களை ஒப்பிடும் அட்டவணைகள் எதிலும் இல்லாத ஒரு பத்தியை நிரப்பியிருப்பார்: ஓம்புயிர். தேர்வுக் குழுக்கள் அந்தப் பத்தியைக் கேட்கத் தொடங்காத வரை, குறியீட்டெண்ணைக் கொண்டு எழுதப்படும் பூச்சி மேலாண்மைப் பரிந்துரைகளுக்கு வயலில் எந்தப் பிடிமானமும் இல்லை.